அண்ணாச்சி ஸ்டார்ட் ஆகவில்லை

ஒரு மனிதன் அறுபத்தெட்டு வருடம் பார்த்தது, கேட்டது, ஏமாந்தது, ஏமாற்றியது எல்லாம் சேர்த்து விலை பதினொரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். ஜி.எஸ்.டி. தனி. கம்பெனி அச்சடித்து வைத்திருக்கும் விலை அது. அச்சடித்த விலைக்கு விருதுநகரில் உப்புகூட விற்றதில்லை என்பதால், ஊர்க்காரர்கள் ஒன்பதே கால் லட்சத்துக்குப் பேசி முடித்து, பெட்டியை மூடிவைக்க ஓர் உறையும் இலவசமாக வாங்கிக்கொள்வார்கள்.

மிளகாய் வத்தல் மண்டி தனுஷ்கோடி அண்ணாச்சி இந்த விஷயத்தில் ஊரையே தூக்கிச் சாப்பிட்டவர். ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு கம்பெனிக்காரனிடம் பேரம் பேசினார். மனதைப் பெட்டியில் ஏற்றி, செத்த பிறகும் பேசவைக்கும் ஒப்பந்தம் பத்து வருடத்துக்குத்தான் என்றான் அவன். விலையில் இதற்கு மேல் ஒரு ரூபாய் இறங்காது என்றும் சொன்னான். "வெல எறங்காட்டிப் போகட்டும், வருசத்தக் கூட்டு" என்றார் அண்ணாச்சி. பத்து வருட விலைக்கு இருபத்தைந்து வருடம் என்று படிந்தது. கையெழுத்துப் போட்ட நாலாம் நாள் கண்ணை மூடினார். கடைசியாகப் பேசிய பேரத்தில் பதினைந்து வருடம் லாபம் பார்த்த திருப்தி முகத்தில் இருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஆறு வருடம் ஓடியது. இப்போது அண்ணாச்சி ஸ்டார்ட் ஆகவில்லை.

தெப்பக்குளத்துக்கு வடபுறம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் வெயிலுகந்தாளிடம் பெட்டி வந்தபோது காலை பத்தரை மணி. மனதின் பிரதி இருக்கும் இந்த மனப்படிப் பெட்டிகளைத் திறப்பதற்கு அரசாங்க உரிமம் உள்ளவர்கள் மாவட்டத்தில் மூன்றே பேர், அவள் ஒருத்தி. அண்ணாச்சியின் மகன் செண்பகராஜ் பெட்டியை ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். நாற்பத்தேழு வயது மனிதர், பெட்டியை இறக்கும்போது வாசல் நிலையில் இடித்துவிடாமல் பக்கவாட்டில் நடந்து வந்தார். பின்னால் அவருடைய தாயார் அன்னபாக்கியம், கையில் ஒரு மஞ்சள் பையோடு, ஆட்டோக்காரனிடம் பத்து ரூபாய் குறைத்துவிட்டு வந்தாள்.

"தங்கச்சி, அப்பாவக் கொஞ்சம் என்னன்னு பாரு" என்றார் செண்பகராஜ்.

"என்ன பண்ணுது அண்ணாச்சி?"

"போன வாரமே ஃபேன் கரகரன்னு சத்தம். திங்கக்கிழம கருகுன வாசம் வந்து நின்னுபோச்சு. பவர் சப்ளை போயிருச்சுன்னு சொன்னாக. புதுசு வாங்கி நானே மாட்டுனேன். பொத்தான அமுக்குனா ஃபேனு அரச் சுத்து சுத்துது, அப்படியே நின்னுருது. மூணு நாளாச்சு."

"நீங்களே மாட்டுனீகளா?"

"வீடியோ பாத்துத்தான். அப்பா மேல வேத்தாள் கை படணுமான்னு." கொஞ்சம் நிறுத்தி, "நாளைக்குப் புது வத்தல் ஏலம் தங்கச்சி. அப்பா இல்லாம எப்படி?" என்றார்.

உகந்தாள் பதில் சொல்லவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் திருப்புளி பிடிக்க நேரம் இருக்காது என்பது அவள் கட்சி. மூடியைக் கழற்றினாள். உள்ளே வத்தல் நெடி. ஆறு வருட மண்டித் தூசி மின்விசிறி இறகுகளில் செக்கச்செவேலென்று படிந்திருந்தது. நாலு தும்மல் தும்மிவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

முதலில் சுவரில் கரண்ட் வருகிறதா, பின்னால் உள்ள சின்ன சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பார்த்தாள். பெரிய மனிதர்கள் பலர் இந்த இடத்திலேயே தலையைச் சொறிந்துகொண்டு நூறு ரூபாய் கொடுத்துவிட்டுப் போவதுண்டு. இங்கே இரண்டும் சரி. பவர் சப்ளையைத் தனியே வெளியில் எடுத்து, ஒரு பேப்பர் கிளிப்பை வளைத்துப் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் சேர்த்தாள். விசிறி சீராக ஓடியது.

"புதுச் சரக்கு நல்ல சரக்குதான்" என்றாள். "அதுல கொற இல்ல."

"பெறவு ஏன் நிக்குது?"

"எங்கயோ ஷார்ட் இருக்கு. கரண்டக் குடுத்தா மொத்தமும் ஒரே எடத்துல பாயுது. ஆபத்துன்னு தெரிஞ்சு பவர் சப்ளை தன்னால நிறுத்திக்கிது. வாய்க்கா ஒடஞ்சா மடைய மூடுற மாதிரி. எங்க ஒடஞ்சிருக்குன்னு ஒண்ணொண்ணாக் கழத்திப் பாத்தாத்தான் தெரியும்."

போர்டை மட்டும் இணைத்து அழுத்தினாள். பீப் என்று ஒரு சத்தம். விசிறி நிற்காமல் சுற்றியது. செண்பகராஜின் முகம் மலர்ந்தது. அதற்கு மேல் அப்பா இருக்கும் டிஸ்க்கை மாட்டி அழுத்தினாள். அரைச் சுற்று. நின்றது. கழற்றினாள், ஓடியது. மாட்டினாள், நின்றது.

"டிஸ்க்குலதான்" என்றாள்.

"டிஸ்க்குலன்னா... அப்பாவேவா?"

"அப்பா இருக்குற எடம்."

"காப்பி எடுத்து வேற டிஸ்க்குல போட முடியாதா?"

"எடுத்தா ரெண்டு அப்பா. ரெண்டு அப்பாவுக்கும் பங்கு கேட்டு ரெண்டு வக்கீல் வருவான். அதுக்குத்தான் ஒரு ஆளுக்கு ஒரு படின்னு சட்டத்துல எழுதிட்டான். டிஸ்க்கு போனா ஆளு போனதுதான். போச்சுன்னா நான் சான்றிதழ் எழுதணும். டிஸ்க்கோட அத அரசாங்க ஆபீசுல ஒப்படைச்சா, நம்பரச் சரிபாத்துட்டு நொறுக்கிருவாக."

செண்பகராஜ் சட்டென்று ஸ்டூலில் உட்கார்ந்தார். "நான் மாட்டுனதுல தப்பா? சொல்லிரு தங்கச்சி. நான் எதையாச்சும் மாத்தி மாட்டிட்டேனா?"

"பாத்துச் சொல்றேன்."

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. பேரைப் பார்த்ததும் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். "சாத்தூர் புரோக்கர். மூணு நாளா அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லிட்டிருக்கேன்."

அன்னபாக்கியம் முதன்முறையாக வாய் திறந்தாள். "செத்து ஆறு வருசம் ஆனவருக்கு ஒடம்பு சரியில்லன்னா புரோக்கர் நம்புறானா?"

"வெல கேக்குறாம்மா. என்னன்னு சொல்ல?"

"வெல கேட்டா வெல சொல்லு."

செண்பகராஜ் போனை எடுத்துக்கொண்டு தெருவுக்கு இறங்கினார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, வெயிலில், முன்னும் பின்னும் நடந்தார்.

உகந்தாள் டிஸ்க்கிலிருந்து பவர் சப்ளைக்குப் போகும் ஒயரைக் கையில் எடுத்தாள். புது பவர் சப்ளைகளில் போர்டுக்குப் போகும் பெரிய ஒயர்க் கத்தை அதோடு ஒட்டியே வரும். டிஸ்க்குக்குப் போகும் ஒயர்களைத் தனியாகத் தருவான், வேண்டியதை மாட்டிக்கொள்ளலாம். இந்த பவர் சப்ளை புதுசு. இந்த ஒயர் பழசு. மடிப்பில் ஆறு வருட வத்தல் தூசி. ஒரே கம்பெனி, ஒரே பிளக், கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. மீட்டரை வைத்து அளந்தாள். ஐந்து வோல்ட் வரவேண்டிய ஊசியில் பன்னிரண்டு வோல்ட் வந்தது. மாடல் மாறும்போது உள்ளே ஊசிகளின் வரிசையைக் கம்பெனி மாற்றிவிட்டது. வெளி உருவத்தை மாற்றவில்லை.

இப்படி ஒரு தவறு சென்னையில் நடக்காது. அங்கே பவர் சப்ளையோடு வந்ததை அப்படியே மாட்டுவார்கள். பழைய ஒயர் நன்றாகத்தானே இருக்கிறது, புது ஒயரைக் கடைக்காரனே வைத்துக்கொண்டு விலையைக் குறைக்கட்டும் என்று கேட்பதற்கு விருதுநகரில் பிறந்திருக்க வேண்டும். இந்த வகையில் வருடத்துக்கு ஏழெட்டு டிஸ்க்குகள் அவளிடம் கருகி வந்தன.

பவர் சப்ளை விற்ற பிச்சையாவுக்கு அவள் போன் போட்டாள். பஜாரில் கடை வைத்திருப்பவன், தெரிந்த ஆள்.

"அந்தம்மாவா?" என்றான் பிச்சையா. "மகன் வெளிய வண்டியில நிக்காரு. அம்மா மட்டும் உள்ள வந்து ஒயர் வேண்டாம், கொறன்னு நிக்குது. பழைய ஒயர இதுல போடாதீக, டிஸ்க்கு கருகிரும்னு ரெண்டு தடவ சொன்னேன். மூணாவது தடவ அதுவே எங்கிட்டக் கேட்டுச்சு."

"என்னன்னு?"

"கண்டிப்பாக் கருகுமான்னு."

உகந்தாள் போனை வைத்தாள். அன்னபாக்கியம் மடியில் மஞ்சள் பையோடு, வரிசையில் தன் முறைக்குக் காத்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள்.

"பிச்சையாகிட்டப் பேசினேன்மா."

"நானூத்தம்பது கொறச்சான்."

"நான் அதச் சொல்லல."

"தெரியும் தாயி." அவள் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். மகன் இன்னும் நடந்துகொண்டிருந்தார். "போலீசுக்குச் சொல்லணுமா?"

"வேணும்னே நிறுத்துனா ஏழு வருசம். ஒங்களுக்கும், மறச்சா எனக்கும்."

"அவுக உயிரோட இருந்தப்ப ஞாயித்துக்கிழமை மண்டி அடைப்பு" என்றாள் அன்னபாக்கியம். "கறி எடுத்துச் சாப்பிட்டு மூணு மணி வரைக்கும் தூங்குவாக. பெட்டிக்குள்ள போனதுக்கு அப்பறம் ஞாயிறும் கெடையாது, தீவாளியும் கெடையாது. எம் மகன் கேப்பான். எம் மகன் கேட்டது போக, பதினாலு கடைக்காரனுக வாடகைக்குக் கேக்கானுக, அப்பா புத்தி வேணும்னு. மாசம் இம்புட்டுன்னு பேசி விட்டிருக்கான். ஒரு நாளைக்கு முந்நூறு கேள்வி. மல்லி வாங்கவா, கடலை விக்கவா, மச்சான நம்பலாமான்னு. ஒருத்தனாச்சும் நல்லா இருக்கீகளான்னு கேட்டதில்ல."

"அண்ணாச்சி எதுவும் சொல்ல மாட்டாகளா?"

"ரெண்டு வருசமா ராத்திரி எங்கிட்ட மட்டும் சொல்லுவாக. 'பாக்கியம், போதும்'பாக. கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். படிக்கு ஞாபகம்தான் உண்டு, விருப்பம் கெடையாதுன்னு சட்டம் சொல்லுதாம். ஒப்பந்தம் இருபத்தஞ்சு வருசம். இன்னும் பத்தொம்பது பாக்கி. நானும் பேசிப் பேசித் தள்ளிப்போட்டேன். தீவாளி போகட்டும்னேன். பேத்தி கல்யாணம் முடியட்டும்னேன். பத்தொம்பது வருசத்துக்கு எங்கிட்டச் சாக்கு இல்ல தாயி." மஞ்சள் பையை மேசை மேல் வைத்தாள். "செத்துப்போச்சுன்னு எழுதிக் குடு. என்ன வேணுமோ கேளு."

உகந்தாள் பையைத் தொடவில்லை. "செத்துருந்தா எழுதிருவேன். சாகலம்மா."

அன்னபாக்கியத்தின் கை பையின் மேலேயே நின்றது.

"இங்க பாருங்க." டிஸ்க்கின் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். பச்சைப் பலகையின் ஓரத்தில், துவரம்பருப்பு அளவில் ஒரு கறுப்புத் துண்டு, நடுவில் கீறல் விட்டிருந்தது. "இது டயோடு. அளவுக்கு மீறி கரண்ட் வந்தா இது முன்னால நின்னு வாங்கிக்கிட்டுச் செத்துரும். பின்னால இருக்குற எதையும் விடாது. இத மாத்தினா அண்ணாச்சி எந்திரிச்சிருவாரு. பன்னெண்டு ரூபா சாமான்."

"பன்னெண்டு ரூவாயா!" என்றாள் அன்னபாக்கியம். அவள் வருத்தப்பட்டது விலைக்கா விஷயத்துக்கா என்று சொல்ல முடியாது.

"ஒங்களக் கேட்டு நான் எழுத முடியாது. ஒங்க மகனக் கேட்டும் எழுத முடியாது. கேக்க வேண்டிய ஆளக் கேக்குறேன்."

சூட்டுக்கோலால் செத்த டயோடை எடுத்துவிட்டு, டப்பாவிலிருந்து புதிதாக ஒன்றை வைத்தாள். தன்னிடமிருந்த சரியான ஒயரை மாட்டினாள். பொத்தானை அழுத்தினாள். விசிறி சுற்றியது, நிற்கவில்லை. மைக்கையும் ஸ்பீக்கரையும் செருகினாள். அன்னபாக்கியம் வாயில் விரலை வைத்து, நான் இருப்பதைச் சொல்லாதே என்று சைகை காட்டினாள். நாலு நிமிடம் கழித்து ஒரு தொண்டைச் செருமல் கேட்டது.

"யாரு கடை இது? மண்டிச் சத்தம் கேக்கலையே."

"தெப்பக்குளத்துல, பழுது பாக்குற கடை அண்ணாச்சி. எம் பேரு வெயிலுகந்தா. மூணு நாளா நீங்க நின்னுபோயிட்டீக."

"மூணு நாளா?" ஸ்பீக்கரில் ஒரு பெருமூச்சு. நுரையீரல் இல்லாதவருக்கு அது எதற்கு என்று உகந்தாள் பலமுறை யோசித்திருக்கிறாள். கம்பெனி கேட்டால் பழக்க தோஷம் என்பான். "நல்லா இருந்துச்சும்மா. எதுவுமே தெரியல. என்ன கோளாறு?"

"புது பவர் சப்ளைக்குப் பழைய ஒயர்."

"பழைய ஒயரா? புதுசு தரலையா?"

"வேண்டாம்னு விலை கொறச்சிருக்காக."

"யாரு?"

உகந்தாள் அன்னபாக்கியத்தைப் பார்த்தாள். அவள் தரையைப் பார்த்தாள். "ஒங்க வீட்டம்மா."

ஸ்பீக்கரில் மறுபடி ஒரு செருமல்.

"எம்புட்டுக் கொறச்சா?"

"நானூத்தம்பது."

"நானா இருந்தா அறுநூறு கொறச்சிருப்பேன்" என்றார் அண்ணாச்சி. குரலில் பெருமையை மறைக்கத் தெரியவில்லை. "சரி, இப்ப எந்த நிலையில நிக்குது சரக்கு?"

"ரெண்டு வழி இருக்கு. சரி பண்ணிட்டேன்னு குடுத்துரலாம். இல்ல, சரியாகாதுன்னு சான்றிதழ் எழுதலாம். சட்டப்படி ஒங்ககிட்ட நான் கேக்கவே கூடாது. கேக்குறேன்."

"சரி பண்ண என்ன கூலி?"

"ஆயிரத்தைந்நூறு. சாமான் பன்னெண்டு."

"சான்றிதழுக்கு?"

"முந்நூறு. அரசாங்க விலை."

"பெறவென்ன. முந்நூறே போதும்." பேரம் படிந்த குரல். ஆனால் உடனே, "எம் பையன் எங்க?" என்றார்.

"வெளிய புரோக்கர்கிட்டப் பேசிட்டிருக்காரு. சாத்தூர்."

"வெல சொன்னானா?"

தெருவில் செண்பகராஜ் நின்றுவிட்டார். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, தெப்பக்குளமே கேட்கிற மாதிரி கத்தினார். "கிலோ இருநூத்திப் பதினாலு! ஆமா, நாந்தான் சொல்றேன்! வேணும்னா எடு, இல்லன்னா விடு!"

"பதினாலு" என்றாள் உகந்தாள்.

"நான் பதினெட்டு சொல்லிருப்பேன்." யோசித்தார். "நாலு ரூவாயில குடி முழுகாது. நாளன்னைக்கு அவனே பதினெட்டுக்கு வருவான். இன்னொண்ணு கேளும்மா. சான்றிதழ்ல ஒயருன்னு எழுதாத. மாட்டுனவன் அவன், ஆயுசுக்கும் அதயே நெனச்சுக்கிட்டு இருப்பான். வாங்குனவ பேரும் வரக்கூடாது."

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கே அண்ணாச்சி. ஏதாவது நிரப்பணுமே."

"இந்த மூணு நாள்ல இடி இடிச்சுச்சா?"

"செவ்வாக்கிழம சாயந்தரம். பலமா."

"அது மேல எழுது. இடி கேஸ் போடாது."

உகந்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். "தப்பா எழுதுனது தெரிஞ்சா என் உரிமம் போயிரும். தெரியும்ல?"

"தெரியும். அதனாலதான் ஒன்ன வற்புறுத்தல. நீயே கணக்குப் போட்டுப் பாரு." பிறகு சாதாரணமாக, "பக்கத்துல வேற யாரும் இருக்காகளா?" என்றார்.

அன்னபாக்கியம் இல்லையென்று சொல் என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

"இல்ல அண்ணாச்சி."

"அப்படியா. வளையல் சத்தம் கேட்டுச்சு. ஓங்கையில போட்டிருப்ப." உகந்தாள் கையில் கடிகாரம் மட்டும்தான் இருந்தது. "சரி, வளையல் போட்டிருக்கவ கேட்டுக்கோ. ஒயர் விசயத்துல நல்ல பேரம். நூத்தம்பது விட்டுட்ட, அது போகட்டும். அணச்சிரு தாயி."

அன்னபாக்கியம் எழுந்து வந்தாள். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் குனிந்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று உகந்தாள் காத்திருந்தாள்.  அவள் முந்தானையால் பெட்டியின் மேல்தகட்டை இரண்டு முறை துடைத்தாள். துடைத்த இடத்தில் துணி செந்தூளானது. நிமிர்ந்து, தலையசைத்தாள்.

உகந்தாள் அணைத்தாள். புது டயோடை நெம்பி எடுத்தாள். எடுக்கும்போது அதன் கால் ஒடிந்தது. செத்த டயோடைப் பழைய இடத்திலேயே வைத்துப் பற்றவைத்தாள். பழைய ஒயரைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். ஒருமுறை பொத்தானை அழுத்திப் பார்த்தாள். அரைச் சுற்று. நின்றது.

அவள் சான்றிதழை எழுதி முடித்தபோது செண்பகராஜ் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். "நானே சொல்லிட்டேன் தங்கச்சி. இருநூத்திப் பதினாலுன்னு. எடுத்துக்கிட்டான். சரியா தப்பான்னு தெரியல. அப்பாவக் கேக்கணும்." மேசையைப் பார்த்தார். "முடிஞ்சுச்சா?"

"சரியாகாது அண்ணாச்சி."

அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆறு வருடத்துக்கு முன்பே அழுது முடித்த அழுகை; இரண்டாம் முறை எப்படித் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருந்தது. "நான் மாட்டுனதுலயா?"

"நீங்க மாட்டுனது சரி. ஒங்க கையில குடுத்தத ஒழுங்காத்தான் மாட்டிருக்கீக. செவ்வாக்கிழம பொத்தான அமுக்குனப்ப இடி இடிச்சுச்சா?"

"இடிச்சுச்சு. ஆமா, இடிச்சுச்சு! கரண்ட்கூட ஒரு நிமிசம் கண்ணடிச்சுச்சே." அந்த இடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அப்ப இடிதானா?"

"காரணம்னு அதத்தான் எழுதிருக்கேன்."

அன்னபாக்கியம் மஞ்சள் பையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "வாடா. வீட்டுக்குப் போயி தலை முழுகணும். பதினாலு கடைக்காரனுக்கும் போன் போட்டு, இனிமே சொந்தப் புத்தியில நடந்துக்கச் சொல்லு."

செண்பகராஜ் பெட்டியையும் டிஸ்க்கையும் சான்றிதழையும் வாங்கிக்கொண்டார். எவ்வளவு என்று கேட்டார். பார்த்த கூலி எண்ணூறு, சான்றிதழ் முந்நூறு என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஆயிரமா வச்சுக்கோயேன்" என்றார். ஆயிரத்தைம்பதில் முடிந்தது.

அவர்கள் போனதும் உகந்தாள் கடை நோட்டை எடுத்து அன்றைய பக்கத்தில் எழுதினாள். வரவு: மனப்படிப் பெட்டி ஒன்று, பார்த்த கூலியும் சான்றிதழும், 1,050. செலவு: டீ மூன்று, 45. டயோடு ஒன்று, 12. கையில் மிச்சம் 993.

எழுதிய பிறகு யோசித்தாள். இந்தப் பெட்டிக்கு டயோடு போட்டதாக நோட்டில் இருந்தால், பிற்பாடு யாராவது ஆய்வுக்கு வந்து, சரியாகாத டிஸ்க்குக்கு டயோடு எதற்கு என்று கேட்பான். அந்த வரியை அடித்தாள். மிச்சம் 1,005 என்று திருத்தினாள். டப்பாவிலிருந்து எடுத்த சாமானுக்கான காசை அப்போதே கல்லாவிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டுவிடுவது அவள் வழக்கம். கல்லாவை எண்ணினாள். பன்னிரண்டு ரூபாய் இடித்தது. கைப்பையிலிருந்து தன் காசு பன்னிரண்டை எடுத்துப் போட்டு நேராக்கினாள். பிறகு பின்னட்டையின் உள்பக்கத்தில், ஆய்வுக்கு வருபவன் திருப்பிப் பார்க்காத இடத்தில், பென்சிலால் எழுதி வைத்தாள்:

தனுஷ்கோடி அண்ணாச்சி. பற்று 12. வரவு இல்லை.